தொட்டிக்குள் இருதலை: இது ஆம்ஃபிஸ்பீனாவா?

கேள்வி: நெல்லிக்குப்பம் வாசகர், 5 டிசம்பர் 2024

அண்ணே, ஃபெஞ்சல் புயலில் மாடியில் இருந்த செம்பருத்தித் தொட்டி கவிழ்ந்துவிட்டது. மண்ணை வாரும்போது கறுப்பாக ஒரு சாணுக்கும் குறைவாக ஒன்று நெளிந்தது. மண்புழு என்று எடுத்தால் நாக்கை நீட்டுகிறது. எது தலை, எது வால் என்றே புரியவில்லை. அப்பா இருதலை மணியன் குட்டி என்கிறார். இணையத்தில் தேடினேன். ஆம்ஃபிஸ்பீனா என்று ஒரு புழுப்பல்லி இருக்கிறதாம், முன்னாலும் போகுமாம், பின்னாலும் போகுமாம், பாம்பும் இல்லை பல்லியும் இல்லையாம். படம் அச்சு அசல் இதேதான். இந்தியாவிலேயே முதலில் பார்த்தது நான்தானா?

5 டிசம்பர், இரவு

இல்லை. புழுப்பல்லி எதுவுமே நம் நாட்டில் கிடையாது. ஆம்ஃபிஸ்பீனா பேரினத்தில் நூறு இனங்களுக்கு மேல் உண்டு, எல்லாம் தென் அமெரிக்கா, பனாமா, கரீபியன் தீவுகள் பக்கம். உன் தொட்டியில் இருந்தது செவிப்பாம்பு. ரெட்டிச்சாவடிப் பக்கம் என் நர்சரியில் மழைக்காலத்தில் வாரம் ஒன்றாவது தலைகாட்டும். காதுக்குள் பூந்துவிடும் என்று என் ஆயா படுக்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். காதுக்கெல்லாம் வராது. எறும்பு முட்டையும் கறையான் முட்டையும்தான் அதற்குச் சாப்பாடு. விஷமும் இல்லை. மண்ணிலேயே விட்டுவிடு.

புழுப்பல்லி எதற்கும் கால் கிடையாது, வால் அறுந்தால் வீட்டுப் பல்லிக்கு மாதிரி முளைத்துக்கொள்ளும். படத்தைப் பார்த்து ஏமாறாதே.

6 டிசம்பர்

படம் அனுப்பு என்றேன், மங்கலாக ஒரு கறுப்புக் கோடு அனுப்பியிருக்கிறான். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

உடம்பில் மண்புழுவுக்கு இருப்பதைப் போல வளையம் வளையமாகக் கோடு இருந்தால் புழுப்பல்லி. அதன் செதில்கள் சதுரம் சதுரமாக, ஒரு வரிசை உடம்பைச் சுற்றி ஒரு வளையம் என்று அடுக்கியிருக்கும். தோல் சதையோடு ஒட்டாமல் தொளதொளவென்று இருப்பதால் தோலை முன்னே இழுத்து, உடம்பைப் பின்னாலேயே வரவழைத்து, நேர்கோட்டில் நகரும். செவிப்பாம்புக்கு வளையம் கிடையாது. எண்ணெய் தடவினது போல வழவழவென்று, ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில். நடு உடம்பைச் சுற்றி எண்ணினால் 20 வரிசை வரும். வால் நுனியில் ஒரு சின்ன முள் இருக்கும். கையில் பிடித்தால் அதைத்தான் குத்திப் பார்க்கும். கொட்டிவிட்டது என்று பயந்து உதறுகிறவர்கள் உண்டு, நானும் உதறியிருக்கிறேன்.

எலும்பைப் பார்க்க முடிந்தால் இன்னும் சுலபம். புழுப்பல்லியின் மண்டையோடு இறுகிப்போன ஒரே கட்டி, மண்வெட்டி மாதிரி வேலை செய்ய வேண்டுமே. மேல்தாடை நடுவில் ஒற்றைப் பல். அப்புறம் நுரையீரல். பாம்புக்கு இடது நுரையீரல் சிறுத்திருக்கும் அல்லது இல்லவே இருக்காது. புழுப்பல்லிக்கு வலதுதான் சிறுத்தது. ஒரே மாதிரி ஒல்லியான உடம்பு, ஆனால் இடம் போதாமல் எதைச் சுருக்குவது என்று வந்தபோது இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முடிவு எடுத்திருக்கின்றன. எம்.எஸ்ஸி.யில் படித்த எவ்வளவோ மறந்துபோச்சு, இது மட்டும் மறக்கவில்லை.

8 டிசம்பர்

முதல் நாள் எழுதியதில் ஒரு தப்பு. புழுப்பல்லிக்குக் கால் கிடையாது என்று அடித்துச் சொல்லியிருந்தேன். உண்டு. மெக்சிகோவில் பைபெஸ் என்று ஒரு பேரினம், மூன்று இனங்கள். பின்னங்கால் இல்லை, முன்னங்கால் இரண்டு மட்டும், தலைக்குப் பக்கத்திலேயே, அகப்பை மாதிரி. ஒன்றுக்கு ஐந்து விரல், ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு மூன்று. இளஞ்சிவப்பு உடம்போடு பார்த்தால் யாரோ மண்புழுவுக்குக் கை ஒட்டிவைத்தது போலத் தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் கால் சுத்தமாகக் கிடையாது.

8 டிசம்பர், பிற்பகல்

வால் விஷயமும் தப்புதான். பல இனங்களுக்கு வால் அறுந்து விழும், ஆனால் திரும்ப முளைக்காது. ஒரு தடவை விட்டால் விட்டதுதான். முதல் நாள் குறிப்பைத் தூக்கத்தில் எழுதியிருக்கிறேன் போல. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

11 டிசம்பர்

அப்பா சொன்ன இருதலை மணியன் தனிக் கதை. அது மண்ணுளிப் பாம்பு, தடித்த உடம்பு, மொண்ணை வால். ஆறு மாதம் இந்தப் பக்கத் தலையால் போகும், ஆறு மாதம் அந்தப் பக்கத் தலையால் போகும் என்பார்கள். கோள் சொல்லி இரண்டு பக்கமும் மூட்டிவிடுகிற ஆளுக்கும் நம் தமிழில் அதே பெயர்தான். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் உண்டு, அவர்களுக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் ஆம்ஃபிஸ்பீனாவுக்கும் கிரேக்கத்தில் கிட்டத்தட்ட அதே பொருள்: இருபுறமும் போவது. இரண்டு முனையிலும் தலை உள்ள பாம்பு என்று பழைய கிரேக்க, ரோமானியக் கதைகளில் வரும். ஸ்வீடன் நாட்டு இயற்கையாளர் லின்னேயஸ் 1758இல் அந்தக் கதைப் பெயரை எடுத்துத் தென் அமெரிக்கப் பிராணிக்கு வைத்தார். அன்றைக்கு அவர் கணக்கில் அது பாம்பு வரிசை. பக்கத்திலேயே சிசிலியாவையும் வைத்திருந்தார். சிசிலியன் தவளைக்குச் சொந்தம், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈர மண்ணைக் கிளறினால் கிடைக்கும். அதற்கும் வளையம் வளையமான உடம்புதான். நீளமாக, காலில்லாமல் இருந்தால் பாம்பு, அவ்வளவுதான் அன்றைய வகைப்பாடு.

நம் கரையில் நடந்தது இன்னும் சுவையானது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பதிவு செய்த பாட்ரிக் ரஸ்ஸல் 1796இல் போட்ட புத்தகத்தில் நம் செவிப்பாம்பின் படம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் கிடைத்தது. அங்கே மக்கள் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடியே எழுதிவைத்தார், ‘ரொண்டூ தலூலூ பாம்’ என்கிற மாதிரி. ரெண்டு தலை பாம்பு, தெலுங்கில். அந்தப் படத்தை வைத்து 1803இல் தோதென் என்ற பிரெஞ்சுக்காரர் எரிக்ஸ் பிராமினஸ் என்று பெயர் வைத்தார். எரிக்ஸ் என்பது மண்ணுளியின் பேரினம்! நெல்லிக்குப்பம் அப்பா செய்த அதே தப்பைப் பாரிஸில் இருந்த பெரிய விஞ்ஞானி 221 வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கிறார். அப்பாவிடம் சொல்லு, சந்தோஷப்படுவார்.

மண்ணுளியின் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானியை. அந்த ‘ஜானியை’யும் நம் பக்கத்துச் சரக்குதான். தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார் நினைவாக ரஸ்ஸல் 1801இல் வைத்தது. கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம்.

12 டிசம்பர்

மண்ணுளி கோடி ரூபாய்க்குப் போகுமாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போகாது. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆள் என் நர்சரிக்கே சாக்கில் ஒரு மண்ணுளியைக் கொண்டு வந்தான். வால் பக்கம் கண், வாய் மாதிரி தெரிய வேண்டும் என்று சூடு போட்டிருந்தான். புண் ஆறவே இல்லை. வாங்குவதற்கு ஆளைக் காட்டினால் எனக்குப் பங்கு தருகிறேன் என்றான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி விரட்டினேன். பாம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

15 டிசம்பர்

“பாம்பும் இல்லை, பல்லியும் இல்லை, தனி இனம்” என்று கேள்வியில் இருந்ததற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

நான் படித்தபோதும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்கள். செதிலுடைய ஊர்வன மூன்று பிரிவு: பல்லிகள், பாம்புகள், ஆம்ஃபிஸ்பீனியன்கள் (அதாவது புழுப்பல்லிகள்). கார்ல் கான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாழ்நாளில் பாதியை இந்தப் பிராணிகளோடு கழித்தவர். அவர் அப்படிப் பிரித்துவைத்ததுதான் பாடப்புத்தகம் வரை வந்தது. தேர்விலும் வந்தது, அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன்.

2004, 2005 வாக்கில் மரபணுவை வைத்துப் பார்த்தவர்கள் அதைக் கலைத்துவிட்டார்கள். புழுப்பல்லி தனிக் கிளை இல்லை, பல்லி மரத்துக்குள்ளேயே ஒரு கொப்பு. அதற்கு ஒட்டின கிளை லாசெர்டிடே குடும்பம், அதாவது நன்றாக நாலு கால் வைத்து வெயிலில் ஓடுகிற பல்லிகள். உடம்பமைப்பை வைத்து வாதாடியவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பாம்போடும் மற்ற காலில்லாப் பல்லிகளோடும் சேர்க்கப் பார்த்தார்கள். 2011இல் ஜெர்மனியின் மெசல் சுரங்கப் படிவிலிருந்து கிரிப்டோலாசெர்டா என்ற புதைபடிவத்தை விவரித்தார்கள். கால் உண்டு, ஆனால் மண்டையோடு மட்டும் புழுப்பல்லியை நினைவூட்டுகிறது. கால் போவதற்கு முன்னால் தலை மண்ணுக்குத் தயாராகிவிட்டது என்று அதை வைத்துச் சொன்னார்கள்.

நம் ஊரில் லாசெர்டிடே குடும்பத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். இருக்கிறது! ஓபிசாப்ஸ் லெஷெனோல்டியை. 1816இல் புதுச்சேரிக்கு வந்த லெஷெனோ என்ற பிரெஞ்சு இயற்கையாளரின் பெயரை 1829இல் மில்ன் எட்வர்ட்ஸ் வைத்தது. விரல் நீள உடம்பு, அதைவிட நீண்ட வால், பக்கவாட்டில் கோடு. செஞ்சிக்கோட்டை ஏறும்போது புதருக்கடியில் சர்ரென்று ஓடியதை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். கண் இமை மூடித் திறக்காது, பாம்புக் கண் மாதிரி கண்ணாடி போட்டிருக்கும். காலில்லாமல் பாம்பு மாதிரி இருக்கிற புழுப்பல்லிக்கு, பாம்புக் கண் வைத்த நாலுகால் பல்லி சொந்தம். இரண்டுக்கும் பாம்போடு உறவு தூரம்.

16 டிசம்பர்

வீட்டுப் பல்லி சொந்தமா என்று கேட்டதற்கு: ரொம்பத் தூரம். அது மரத்தின் அடிப்பக்கத்திலேயே பிரிந்துபோன வகை. பாம்புக்குக் கிட்டத்தில் வருவது ஓணானும் உடும்பும். அரணை? அது வேறு கிளை. அரணை கடித்தால் மரணமும் இல்லை, யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அரணைக் குடும்பத்திலும் கால் தொலைத்தவை உண்டு. ஒடிசாவில் சிலிகா ஏரியின் பர்குடா தீவில் அன்னண்டேல் 1917இல் விவரித்த பர்குடியா அப்படித்தான், ஒரு காலும் இல்லை. மண்ணுக்குள் போனால் காலை விடு, காதை மூடு, கண்ணைச் சுருக்கு என்று ஏதோ அரசாணை இருப்பது போல ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

22 டிசம்பர்

நேற்று தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கப் போனேன். கரையேற்றிய படகுகளின் அணியத்தை, அதாவது முன்முனையை, பார்த்ததும் இந்த இழை ஞாபகம் வந்தது. (வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு மத்தி வாங்கி வந்தேன்.)

புழுப்பல்லிகளின் தலை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றுக்கு உருண்டை. சிலவற்றுக்கு மண்வாரி மாதிரி தட்டை. தலையை மேலே தூக்கி மண்ணைக் கூரையில் அமுக்கும். சிலவற்றுக்குப் படகின் அணியம் போலச் செங்குத்தான கூர்விளிம்பு. இடம் வலமாக அடித்து வழி செய்யும். தலை இவ்வளவு வேறாக இருந்தால் பேரினமும் வேறு என்று பழைய ஆட்கள் பிரித்தார்கள். அணியத் தலை இருந்ததற்கு தாமஸ் பெல் 1833இல் அனாப்ஸ் என்று தனிப் பேரினம் வைத்தார். இன்னும் ப்ரோனியா, ஔலூரா, செர்கோலோபியா என்று வரிசையாகப் பெயர்கள்.

2009இல் மாட், வியெய்டெஸ் இருவரும் பிரேசில் இனங்களின் மரபணுவைப் பார்த்தார்கள். அனாப்ஸுக்குப் பங்காளி இன்னொரு அணியத் தலை இல்லை, ஏதோ ஒரு உருண்டைத் தலை ஆம்ஃபிஸ்பீனா. தலை வடிவம் திரும்பத் திரும்பத் தனித்தனியாக உருவாகியிருக்கிறது. நான் மேலே சொன்ன நான்கு பெயர்களையும் ஆம்ஃபிஸ்பீனாவுக்குள் கொட்டிவிட்டார்கள். அனாப்ஸ் கிங்கியை இப்போது ஆம்ஃபிஸ்பீனா கிங்கியை.

எனக்கு இதில் ஒரு மனக்குறை. நூறு இனத்துக்கு மேல் ஒரே பேரினத்தில் போட்டால் அந்தப் பெயர் நமக்கு என்ன சொல்கிறது? கேப்பையையும் கம்பையும் தானியம் என்று ஒரே மூட்டையில் கட்டின மாதிரி. ஆனால் அனாப்ஸை வெளியே எடுத்து வைத்தால் மிச்சம் இருப்பது ஒரு குடும்பமாக நிற்காது, அண்ணன் தம்பியில் ஒருவனை மட்டும் ரேஷன் கார்டில் எடுத்துவிட்ட மாதிரி ஆகும். இரண்டில் எது மேல் என்று கேட்டால் சேர்த்ததே சரி. அரைமனசாகத்தான் சொல்கிறேன்.

செவிப்பாம்புக்கும் இதே பாடுதான். எரிக்ஸில் தொடங்கி டிப்லாப்ஸ், ராம்போடிப்லாப்ஸ் என்று மாறி 2014இல் இண்டோடிப்லாப்ஸ் ஆகியிருக்கிறது. பாவம் அதற்கு எதுவும் தெரியாது. என் சாமந்தித் தொட்டியில் முட்டை தின்றுகொண்டிருக்கிறது.

3 ஜனவரி 2025

“இந்தியாவில் ஏன் இல்லை? பிரிவதற்கு முன்னால் ஆப்பிரிக்காவோடு ஒட்டித்தானே இருந்தோம்?” என்று ஒரு ஆசிரியர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நானும் முதலில் கண்டம் பிரிந்த கதையைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் காலம் பொருந்தவில்லை. ஆப்பிரிக்க, தென் அமெரிக்க வகைகள் பிரிந்தது சுமார் 4 கோடி ஆண்டுக்கு முன்புதான் என்று 2008இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. அப்போது அட்லாண்டிக் பெருங்கடல் நன்றாக அகன்றிருந்தது. கியூபாவில் உள்ள கேடியாவுக்கு நெருங்கிய உறவு பக்கத்து ஃப்ளோரிடாவில் உள்ள ரைநியூராவோ தென் அமெரிக்க ஆம்ஃபிஸ்பீனாவோ இல்லை, ஸ்பெயின், மொராக்கோ, துருக்கிப் பக்கம் இருக்கிற பிளானஸ். நடுவில் முழுக் கடல். அதனால் மிதந்து போயிருக்கின்றன என்கிறார்கள், வேரோடு சாய்ந்த மரமும் மண்ணும் தெப்பமாக.

படிக்கும்போது யாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். 2015 நவம்பர் வெள்ளத்தில் கெடிலம் கடலில் சேர்கிற இடத்தில் நின்றேன். ஒரு புளியமரம் வேர் மேலாக வந்தது. வேரில் ஒரு மாட்டுவண்டி மண் கட்டியாக ஒட்டியிருந்தது, அதன்மேல் அறுகம்புல், அதில் ஒரு ஓணான் உட்கார்ந்திருந்தது. அப்படியே கடலுக்குள் போனது. போன மாதம் சாத்தனூர் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தபோதும் அதே காட்சி. அந்த ஓணான் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது, எனக்குத் தெரியும். ஆனால் இப்படிப் பல கோடி வருஷம், பல கோடி மரம். மண்ணுக்குள் இருக்கிற, கொஞ்சமாகச் சாப்பிடுகிற, வெயில் படாத பிராணிக்கு அந்த வேர்க்கட்டிதான் நல்ல கப்பல்.

அப்படியென்றால் இந்தியா பக்கம் ஒரு தெப்பம் வரவில்லை, அல்லது வந்தும் பிழைக்கவில்லை. அதற்கு மேல் நான் சொன்னால் கதை.

5 ஜனவரி

குவைத்தில் வேலை செய்யும் விருத்தாசலத்துக்காரர் ஒருவர், பாலைவன மணலில் இளஞ்சிவப்பாக ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அது டிப்ளோமெட்டோபான் ஆகத்தான் இருக்கும். அரேபியா முதல் ஈரானின் தென்மேற்கு வரை உண்டு. உடம்பைக் குறுக்கே வெட்டினால் முக்கோணமாக இருக்கும், தலையை இப்படியும் அப்படியும் திருகித் தோண்டும். ஆகவே நெல்லிக்குப்பம் தம்பி, முதல் புழுப்பல்லியைப் பார்த்த பெருமை விருத்தாசலத்துக்குப் போய்விட்டது.

17 ஜனவரி

பொங்கல் கழிந்து கடை திறந்தோம். செவிப்பாம்பு எப்படி உலகம் முழுக்கப் போனது என்று கேட்டிருந்தார்கள். தொட்டி மண்ணில்தான். என்னைப் போன்றவர்கள் ஏற்றிவிட்டது. எல்லாம் பெட்டை, ஆண் தேவையில்லாமலே முட்டையிடும், அதனால் ஒன்று போனாலே போதும். ஆம்ஃபிஸ்பீனா கடலைத் தாண்டக் கோடி வருஷமும் மரமும் வேண்டியிருந்தது. இது ரோஜாச் செடியோடு லாரியில் போகிறது. பெங்களூருக்குப் போன என் சரக்கில் எத்தனை போயிருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

9 பிப்ரவரி

தம்பி கடைசியில் தெளிவான படம் அனுப்பிவிட்டான். அதே தொட்டியில் இன்னொன்று கிடைத்ததாம். வெள்ளைத் தட்டில் வைத்து மேலிருந்து எடுத்திருக்கிறான், வால் முள் தெரிகிறது, வளையம் இல்லை, பளபளக்கிறது. செதில் வரிசையைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினானாம், முதலில் 19, திரும்ப எண்ணினால் 20. செவிப்பாம்பேதான். திரும்பச் செம்பருத்தித் தொட்டியில் விட்டுவிட்டான். அப்பா மட்டும் இன்னும் மணியன் குட்டி என்றுதான் சொல்கிறாராம், வளரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்.